கலக்காதே என்றது போர் போடு என்று ஆன கதை: ஒரு கிராம சபையில் செயற்கை நுண்ணறிவு

2025 மே 1 அன்று எங்கள் ஊராட்சியின் கிராம சபையில் நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்று இப்படி இருக்கிறது: "பொதுமக்களின் குடிநீர்த் தேவையைக் கருத்தில் கொண்டு கூடுதலாக ஓர் ஆழ்துளைக் கிணறு அமைத்துத் தர ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." இந்த வரி எந்தப் பேச்சிலிருந்து வந்ததோ, அந்தப் பேச்சு இன்னும் என் போனில் கிடக்கிறது. அதில் ஓர் அக்கா சொல்கிறார்: "அந்தப் போர் தண்ணிய டேங்குல கலக்காதீங்கன்னு சொல்லுப்பா. ஆத்துத் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வந்தாக்கூடப் போதும்."

கலக்காதே என்றவரின் பேச்சு, இன்னொரு போர் போடு என்று தீர்மானமாகிவிட்டது. நடுவில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் வேண்டுமென்று மாற்றவும் இல்லை. நடுவில் இருந்தது ஒரு மென்பொருள், அப்புறம் நான். அது எப்படி நடந்தது, பிறகு என்ன செய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். ஊராட்சியின் பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம் என்றால் போதும்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. கூடவே மனு டைப் அடித்துக் கொடுப்பேன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், தெருவிளக்கு என்று இருபது வருஷமாக ஊரார் வாயால் சொல்வதை "மேற்படி பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்கு" என்று மாற்றிக் கொடுப்பதுதான் பிழைப்பு.

இரண்டு தண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. போர் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. இந்தியத் தர அளவுப்படி குடிதண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தவர்களின் பல்லில் காவிக் கோடு விழும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு, 1928 கோடி ரூபாய் மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் வந்தது. 2013-இல் திறந்தார்கள். இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சில் "தண்ணி" என்று தனியாக ஒரு சொல் கிடையாது. ஆத்துத் தண்ணி, போர் தண்ணி என்றுதான் பேச்சு. அந்த அக்கா வீட்டில் பச்சைக் குடம் ஆத்துத் தண்ணிக்கு, நீலக் குடம் போர் தண்ணிக்கு. பேரப்பிள்ளை பச்சைக் குடத்து டம்ளரால் நீலக் குடத்தில் மொண்டால் அடி விழும். எந்தத் தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்க்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. "பருப்பு வேகலன்னா போர் தண்ணி" என்பார்.

ஆனால் ஆத்துத் தண்ணி குறைகிற வாரங்களில், மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்து திறந்துவிடுவார்கள். அரசுக் காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: குடிநீர்.

கையெழுத்தும் பேச்சும்

1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு இடம் கொடுத்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு தடவை கூடிக்கொண்டிருந்த சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு தடவை ஆனது. எங்கள் ஊராட்சி மாதிரி 3,000-க்கு மேல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள இடத்தில் குறைந்தது 200 பேர் வந்திருக்க வேண்டும். அந்த 200 கையெழுத்து வந்துவிடும். நூறு நாள் வேலைக்காரர்கள், மகளிர் குழுவினர் வருவார்கள், நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். செயலர் வரவு செலவு வாசிப்பார், மேலிருந்து வந்த கூட்டப் பொருளை வாசிப்பார். மைக்கைப் பிடிப்பது ஏழெட்டு ஆண்கள். அதே ஏழெட்டு ஆண்கள்தான், எந்தச் சபையிலும்.

இது நான் மட்டும் கண்டதில்லை. தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி, கணினியால் அலசிப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் செய்தது. பெண்கள் பேசுவது குறைவு, பேச்சின் போக்கைத் தீர்மானிப்பது அதைவிடக் குறைவு, பேசினாலும் அதிகாரியிடமிருந்து பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு என்று கண்டார்கள். ஊராட்சித் தலைவர் பெண்ணாக இருக்கும் இடத்தில் இது கொஞ்சம் மாறுகிறது, முழுக்கத் தீர்வதில்லை. எங்களுக்கு அந்தக் கொஞ்சமும் போய்விட்டது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர் வந்துவிட்டார். மே 1 சபையில் தலைவர் நாற்காலியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாரும் இல்லை.

திண்ணையில் ஒரு சபை

மைக்குக்கு வராதவர்களின் பேச்சைச் சபைக்கு முன்பே சேகரித்தால் என்ன என்ற யோசனை, லீவுக்கு வந்திருந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகளுடையது. ஏப்ரலில் தொடங்கினோம். புளி சீசன். எங்கள் பக்கம் அந்த மாதங்களில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் உட்கார்ந்து புளி தட்டுவார்கள். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். பிள்ளைகள் போனோடு போய் உட்கார்ந்து, "கிராம சபையில என்ன சொல்லணும்னு நெனைக்கிறீங்க அக்கா" என்று கேட்டார்கள். 61 பேர் பேசினார்கள். அதில் 43 பேர் பெண்கள். இவர்களில் பெரும்பாலோர் சபையில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

பதிவுகளை இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியில் போட்டோம், அது பேச்சை எழுத்தாக்கியது. அந்த எழுத்தை ஒரு பெரிய மொழி மாதிரியிடம் (ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, கேட்டதற்கு எழுத்திலேயே பதில் தரும் மென்பொருள்) கொடுத்து, ஒரே மாதிரியான குறைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதச் சொன்னோம். மூன்று மணி நேரப் பேச்சு ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை நான் மனு நடையில் சரிசெய்து, மே 1 அன்று கொடுத்தேன். எல்லாருக்கும் சந்தோஷம். செயலர்கூட, "இப்படி ரத்தினச் சுருக்கமா இருந்தா எங்களுக்கு வேலை சுலபம்ணா" என்றார்.

எங்கே பிசகியது

தீர்மானம் வந்த மறுவாரம் அந்த அக்கா கடைக்கு வந்தார். "ஏந்தம்பி, நான் போர் போடச் சொன்னனா?" அன்று ராத்திரிதான் பதிவையும் எழுத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டவை சிரிப்பு வரவழைக்கும் பிழைகள். எங்கள் பக்கம் சின்னக் குடியிருப்புகளுக்குப் பெயரே கொட்டாய் என்றுதான் முடியும். கருவி எல்லாக் கொட்டாயையும் கோட்டை ஆக்கியிருந்தது. ஊராட்சியில் திடீரென்று நாலு கோட்டை. பேச்சு நின்று புளி தட்டும் சத்தம் மட்டும் இருந்த இடங்களில், யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தை எழுதியிருந்தது: "வீடியோவைப் பார்த்ததற்கு நன்றி." இந்தக் கருவிகள் படம் ஓடும்போது கீழே வரும் எழுத்துகளை ஏராளமாகப் பார்த்துக் கற்றவை. பேச்சு இல்லாத இடத்தில் வழக்கமாக அங்கே வருவதை இட்டு நிரப்பிவிடும். இந்த மாதிரிப் பிழை ஆபத்தில்லை. பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஆபத்து அடுத்த படியில் இருந்தது. அக்காவின் பேச்சு கிட்டத்தட்டச் சரியாகவே எழுத்தாகியிருந்தது. "போர் தண்ணி", "கலக்காதீங்க", எல்லாம் இருந்தது. ஆனால் சேர்க்கும்போது, கருவிக்குப் பேச்சு என்பது எண்களின் வரிசைதான், பொருளில் பக்கத்தில் இருப்பவை அதில் எளிதாக ஒரே கூட்டமாகிவிடும். "போர் தண்ணி கலக்காதே" என்பதும் "போர் தண்ணியாவது விடு" என்பதும் அதற்கு அக்கம்பக்கம். இரண்டிலும் போர், இரண்டிலும் தண்ணி, இரண்டிலும் டேங்க். ஊரில் இந்த இரண்டு பேச்சும் எதிரெதிர். கருவிக்கு ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்தில் இருந்த பதினேழு பேருக்கும் சேர்த்து அது எழுதிய வரி: "மக்கள் போதுமான குடிநீர் வசதியைக் கோருகின்றனர்."

அடுத்த பிசகு என்னுடையது. "போதுமான குடிநீர்" என்று பார்த்ததும் என் கை பழக்கத்தில் "கூடுதலாக ஓர் ஆழ்துளைக் கிணறு" என்று அடித்துவிட்டது. இருபது வருஷமாக எத்தனை மனுவில் அடித்த வரி! கருவியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. சண்டையை நீக்கி, சொல்லை வழவழப்பாக்கி, அதிகாரி படிக்கிற மாதிரி மாற்றுவதை அது என்னைப் போன்றவர்கள் எழுதியதிலிருந்துதான் கற்றிருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. நான் தப்பாக எழுதினால் அக்கா கடைக்கே வந்து கேட்க முடிகிறது.

இன்னொரு கூத்தும் நடந்தது, இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பெயரை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் பக்கத்தைக் கொடுத்தோம். அதில் ஒரு வரி: "டேங்கைக் கழுவி ஆறு மாதமாகிறது, ஏணியில் யாரும் ஏறிப் பார்த்ததில்லை." டேங்க் ஏணி தெரிகிற வாசல் ஊரில் ஒன்றே ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்காரரிடம் ஆள் போய்க் கேட்டுவிட்டார்கள். தகராறு பெரிதாகவில்லை, ஆனால் அவர் அப்புறம் எங்கள் போனுக்கு முன்னால் பேசவே இல்லை. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பிள்ளைகள் படித்துச் சொன்னார்கள், சம்மதம் வாங்க வேண்டும் என்று. சம்மதம் வாங்கித்தான் இருந்தோம். மூவாயிரம் சொச்சம் பேர் இருக்கிற ஊரில் பெயரை எடுத்தாலும் ஆள் தெரியும் என்பதைச் சம்மதம் கேட்கும்போது நாங்கள் சொல்லவில்லை, எங்களுக்கே அப்போது உறைக்கவில்லை.

சரி, இல்ல, தெரியல

ஜூனில் மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை சுருக்கம் எழுதும் வேலையைக் கருவியிடமிருந்து பிடுங்கிவிட்டோம்.

யோசனை தைவானிலிருந்து வந்தது. அங்கே 2015-இல் ஊபர் வண்டி பற்றிய தகராறில் போலிஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள் (காவல்துறை இல்லை, கிரேக்க மொழியில் நகரம் என்று பொருள்படும் சொல்). அதில் ஒருவர் ஒரு வாக்கியம் எழுதலாம், மற்றவர்கள் ஒத்துக்கொள்கிறேன், இல்லை, விட்டுவிடுகிறேன் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். பதில் எழுத முடியாது. அதனால் வாய்ச்சண்டைக்கு வழியில்லை. யார் யார் ஒரே மாதிரி வாக்களிக்கிறார்கள் என்று பார்த்து மென்பொருள் அணிகளைப் பிரிக்கும். பிறகு எல்லா அணியும் ஒத்துக்கொள்கிற வாக்கியங்களை மேலே கொண்டுவரும்.

எங்கள் ஊரில் டைப் அடிக்க ஆள் ஏது? அதனால் 61 பேச்சிலிருந்து 24 வாக்கியங்களைப் பேசியவர்களின் வாய்மொழியிலேயே எடுத்தோம். யாருடையது என்று தெரிந்துவிடும் வாக்கியங்களை விட்டுவிட்டோம். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் வாசித்தார்கள். "சரி", "இல்ல", "தெரியல" என்று மூன்று கட்டம் போட்ட தாள். அதைக் கணினியில் ஏற்றி அணி பிரித்தோம். அந்த 24 எவை என்று தேர்ந்தெடுத்தது நானும் இரண்டு பிள்ளைகளும்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கேள்வி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் பாதிப் பதில் இருக்கிறது. அதற்கு எங்களிடம் மாற்று இல்லை, பேசிய சிலரிடம் பட்டியலைக் காட்டிக் கேட்டதைத் தவிர.

ஊர், காலனி என்று இரண்டாகப் பிரியும் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் விஷயத்தில் அப்படிப் பிரியவில்லை. மேட்டுத் தெரு ஒரு பக்கம், பள்ளத் தெருக்கள் இன்னொரு பக்கம். காரணம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஆத்துத் தண்ணி மட்டும் திறக்கிற நாளில் டேங்க் பாதிதான் நிறையும், பள்ளத்தில் இருப்பவர்கள் பிடித்து முடிப்பதற்குள் மேட்டுக் குழாயில் காற்றுதான் வரும். போர் தண்ணி கலந்து டேங்க் நிறைந்தால்தான் மேட்டுக்கு ஏறும். ஆக, "கலக்காதே" என்ற அக்கா பள்ளத்தில். "போர் தண்ணியாவது விடு" என்றவர்கள் மேட்டில். கருவியின் ஒற்றை வரிக்குள் புதைந்துபோனது இந்தச் சண்டைதான். மே 1 தீர்மானத்தை முழுப் பொய் என்று சொல்ல முடியாததும் இதனால்தான்.

இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒருமனதாகச் "சரி" சொன்ன வாக்கியம் நாங்கள் எதிர்பார்க்காதது: "எந்த நாளு எந்தத் தண்ணி உடறாங்கன்னு முன்னாடியே சொல்லிப்புட்டா போதும்." சொன்னவர் மேட்டுத் தெருவில் மாடு வைத்திருக்கும் ஒரு பாட்டி. அதிலிருந்து வழி தானாகத் திறந்தது. டேங்க் ஒன்று, பைப் ஒன்று. நாளைப் பிரித்தால் போதும். ஆத்துத் தண்ணி நாளில் மேட்டு வால்வை முதலில் திறப்பது, போர் தண்ணி நாளில் மாட்டுக்கும் துவைக்கவும் எல்லாரும் பிடித்துக்கொள்வது. இதில் கருவியின் பங்கு சின்னதுதான். 24 வாக்கியத்துக்கு வந்த நூற்றுக்கணக்கான சரி-இல்லகளில் இந்த ஒன்றைத் தோண்டி எடுத்தது. கையால் எண்ணினால் எனக்கு நாலு நாள் ஆகியிருக்கும், எண்ணியும் இருக்கமாட்டேன்.

கருவியே சமரச வாசகம் எழுதும் முறையும் உண்டு. கூகுளின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவான டீப்மைண்ட் ஆட்கள் பிரிட்டனில் 5,000-க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்து, 2024 அக்டோபரில் வெளியிட்டார்கள். மனித நடுவர் எழுதியதைவிடக் கருவி எழுதிய பொது வாசகத்தையே 56 சதவீதத் தடவைகள் விரும்பினார்களாம். அங்கே ஒவ்வொருவரும் தன் கருத்தை எழுதினார்கள், வந்த வாசகத்தைப் படித்தார்கள், குறை சொன்னார்கள், கருவி திருத்தியது. அந்தத் திரும்பப் படிக்கிற படியைத்தான் நாங்கள் மே மாதத்தில் விட்டிருந்தோம்.

ஆகஸ்ட் 15

எங்கள் சபைக்கு முந்தின நாள், ஆகஸ்ட் 14 அன்று, மத்திய ஊராட்சி அமைச்சகம் சபாசார் என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. கிராம சபையின் ஒலி, காணொளிப் பதிவிலிருந்து நடவடிக்கைக் குறிப்பை அதுவே எழுதிவிடும். மத்திய அரசின் பாஷினி மொழிபெயர்ப்புத் தளத்தின் மேல் கட்டியது, முதலில் திரிபுரா ஊராட்சிகளில். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளில் பையன் போனில் காட்டினான். நல்ல விஷயம்தான், நடவடிக்கைக் குறிப்பைப் பத்து நாள் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் மைக்குக்கு வந்த ஏழெட்டுப் பேரின் குரலைத்தான் அது இன்னும் அழகாக எழுதப்போகிறது. திண்ணைப் பேச்சு அதற்குக் கேட்காது. எழுதி முடித்ததைச் சபை கலைவதற்கு முன் உரக்கப் படித்துக் காட்டினால் பாதிப் பிசகு அங்கேயே தீரும். அதற்குக் கருவியும் வேண்டாம், சத்தமாகப் படிக்க ஒரு வாய் போதும்.

நாங்கள் அதைத்தான் கேட்டோம். தனி அலுவலரின் சார்பில் வந்திருந்தவர் வாட்சைப் பார்த்தார், அப்புறம் சரி என்றார். கல்லூரிப் பெண் எழுந்து வாசித்தாள்: "ஒகேனக்கல் நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் தனித்தனி நாட்களில் வழங்கவும், அதன் விவரத்தை முன்கூட்டியே அறிவிக்கவும்." பின்வரிசையில் இருந்து அக்காவின் குரல் வந்தது. கிராம சபையில் அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "தனித்தனின்னு போட்டா எப்புடி வேணா அர்த்தம் பண்ணிக்குவாங்க. கலக்காமன்னு போடு." செயலர் அடித்துவிட்டு எழுதினார்: "கலக்காமல்". அந்த அடித்தல் திருத்தல் நோட்டில் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் சுருக்கொப்பத்தோடு.

இப்போது டேங்க் தூணில் சுண்ணாம்பால் கிழமை எழுதியிருக்கிறார்கள். மழைக்கு அழிந்தால் மறுபடி எழுதுவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகிறது. அந்த இரண்டு மூன்று நாளும் பள்ளத் தெருவில் பருப்பு வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

செப்டம்பரில் ஒரு ஜீப் வந்தது. போர் போட இடம் பார்க்க. மே 1 தீர்மானம் புத்தகத்தில் அப்படியேதான் இருந்தது. ஆகஸ்ட்டில் புதிதாக ஒன்று போட்டோமே தவிர, பழையதை ரத்து செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அக்கா சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டார். "தம்பி, நாமளே எழுதினத அழிக்கறதுக்கு என்ன மனு போடணும்?"

அடித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை அவர் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார், ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லி.